ஊத்துக்கோட்டையிலிருந்து விசாகப்பட்டினம்: கடற்படையில் இருந்தவரைத் தேடிப் போகும் வழி

போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றிய உறவினரை நினைத்துப் பயணம் புறப்படும் குடும்பத்துக்கு முதலில் எழும் கேள்வி, எங்கே போவது என்பதுதான். தரைப்படையில் இறந்தவருக்குப் பெரும்பாலும் ஒரு மண் இருக்கிறது. கொஹிமாவிலோ இம்பாலிலோ பெயர் பொறித்த கல்லும் இருக்கலாம். கப்பலோடு மூழ்கியவருக்கு அப்படி ஓரிடம் கிடையாது. உயிரோடு திரும்பி ஊரில் வயதாகி மறைந்தவருக்கோ வேறு வகைக் குறை. அவர் வாழ்ந்த கப்பல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகியிருக்கும். ஆகவே இந்தப் பயணம் ஒரே நினைவிடத்தில் முடிவதில்லை. வீட்டுக் காகிதங்களில் தொடங்கி, துறைமுகங்களையும் பெயர்ப்பட்டியல்களையும் தொட்டுக்கொண்டு நீள்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடவிளிம்பில் உள்ள ஊத்துக்கோட்டையிலிருந்து பார்த்தால் அந்த வழி சென்னைக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே விசாகப்பட்டினம் வரை செல்கிறது. இரண்டாம் உலகப் போருக்கும் 1971 போருக்கும் அந்த வழியே பொருந்தும்.

ஊத்துக்கோட்டை கடலோர ஊர் அல்ல. ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் பழைய சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. எல்லை தாண்டியதும் பள்ளிகொண்ட சிவன் கோயில் உள்ள சுருட்டப்பள்ளி. தெற்கே பூண்டி நீர்த்தேக்கம்; கிருஷ்ணா நீர்க் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட்டும் இந்த ஊரை ஒட்டியதுதான். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகப் புழங்குகின்றன. ஆண்டில் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆரணியாறு மழைக்காலத்தில் பெருகி, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் போய்க் கலக்கிறது. ஊருக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு இந்த ஆறு மட்டுமே என்று சொல்லலாம். ஆயினும் இத்தகைய உள்நாட்டு ஊர்களிலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் இருந்தார்கள். பூண்டி அணையின் கட்டுமானம் 1944இல் நிறைவேறியபோது அதே மாவட்டத்து இளைஞர்கள் பம்பாயிலும் வங்காள விரிகுடாவிலும் கப்பல் தளங்களில் நின்றார்கள்.

இந்தியக் கடற்படை அந்த ஆண்டுகளில்தான் பெருத்தது. 1934இல் ராயல் இந்தியன் நேவி என்று பெயர் பெற்ற அந்தப் படையில் 1939இல் போர் தொடங்கும்போது 2,000 பேர் கூட இல்லை. 1945இல் 25,000 பேருக்கு மேல் இருந்தார்கள். முன்பு பெரும்பாலும் வடமேற்கிலும் கொங்கணக் கரையிலும் ஆள் எடுத்த கடற்படை, போர் நெருக்கியதும் தெற்கே திரும்பியது. என்ஜின் அறைக்கும் வானொலிக்கும் கணக்கு எழுதவும் கொஞ்சம் படித்த பையன்கள் வேண்டியிருந்தார்கள். சென்னை மாகாணத்தில் அப்படிப்பட்டவர்கள் கிடைத்தார்கள். மண்டபத்தில் தரையிறக்கப் படகுகளுக்கான பயிற்சி நடந்தது. சுதந்திர இந்தியாவின் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி 1911இல் செங்கல்பட்டில் பிறந்தவர். போர்க்காலத்தில் தன்னார்வக் கடற்படை அதிகாரியாகச் சேர்ந்து, 1958இல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஊத்துக்கோட்டையும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான்.

மாவட்டப் பெயரை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பதிவேடுகளில் தேடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்கும் இடம் அதுவே. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முந்தைய படைப் பதிவுகள் எல்லாவற்றிலும் ‘செங்கல்பட்டு மாவட்டம், மதராஸ்’ என்றே இருக்கும். எல்லையும் நகர்ந்திருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் ஒரு பகுதி, சத்தியவேடு உட்பட, ஆந்திரத்துக்குப் போனது. ஊத்துக்கோட்டையின் கிழக்கிலும் வடக்கிலும் உள்ள பல கிராமங்கள் அன்று மாநிலம் மாறின. அந்தக் கிராமங்கள் பிறகு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆகவே 1943இல் கப்பலேறியவரின் கிராமம் இன்று எந்த மாநிலத்தில் இருந்தாலும், பதிவேட்டில் அவர் செங்கல்பட்டுக்காரர்தான். சொந்த ஊரைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் மட்டும் தேடிவிட்டு ‘பெயர் இல்லை’ என்று கைவிட்டவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது மீண்டும் தேடுவது நல்லது.

பெயரிலும் இதே தொல்லை. தமிழர் வழக்கத்தில் தலையெழுத்தாக நிற்கும் அப்பா பெயர், படைப் பதிவில் முழுப்பெயராக விரிந்து முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளும். ஊரில் எல்லோரும் அழைத்த செல்லப் பெயரோ பதிவேட்டில் வரவே வராது. பெயரைவிடப் படை எண்தான் உறுதியான கைப்பிடி. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பதக்கத்தை எடுத்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் போதும்; இந்தியப் படையினருக்குத் தரப்பட்ட பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கும் வழக்கம் இருந்தது. கறுத்துப்போன பதக்கத்தைப் புளி போட்டு அழுத்தித் தேய்ப்பது அந்த எழுத்துகளையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அப்படிச் செய்யாமல் இருக்க வேண்டும்.

அவர் எந்தக் கடலில் இருந்தார் என்பதையும் பதக்கமே சொல்லும். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஸ்டார் வைத்திருந்த கடற்படையினர் வங்காள விரிகுடாப் பக்கம் இருந்தவர்கள். இத்தாலி ஸ்டார் இருந்தால் அவர் மத்தியதரைக் கடல் வரை போயிருக்கிறார். 1943 ஜூலையில் சிசிலித் தரையிறக்கத்தில் ஜம்னா, சட்லெஜ் என்ற இந்தியக் கப்பல்கள் பங்குகொண்டன. போட்டோக்கள் அவ்வளவு உதவுவதில்லை. போர்க்காலத்தில் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று தொப்பி நாடாவில் கப்பலின் பெயரை எடுத்துவிட்டு எச்.எம்.ஐ.எஸ். என்ற எழுத்துகளை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆகவே ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் முகம் துலக்கமாக இருக்கும், கப்பல் தெரியாது. கடித உறைகள் இன்னும் கொஞ்சம் சொல்லும். கப்பலில் இருப்பவருக்கான கடிதம் அன்றும் இன்றும் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகத்தான் போகிறது. அது பம்பாயா விசாகப்பட்டினமா என்பதை வைத்து எந்தக் கரைக்கு உரிய கப்பல் என்று ஊகிக்கலாம்.

ஊத்துக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து திருவள்ளூருக்குப் பேருந்துகள் உண்டு. அங்கே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஊர்ப்பக்கத்தில் தரைப்படை, விமானப்படை, கடற்படை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ‘மிலிட்டரிக்காரர்’தான், அந்தப் பொதுப்பெயரால் கடற்படையினர் பலரின் அடையாளமே ஊருக்குள் மறைந்துபோயிருக்கிறது. எந்தப் படை என்பதைப் பிரித்தறிய இந்த அலுவலகத்தின் பதிவுகள் உதவும். சுதந்திரத்துக்குப் பின் பணியாற்றிய மாலுமிகளின் பணிப்பதிவுகளை மும்பை மான்குர்டில், சீட்டா கேம்ப் என்ற இடத்தில் உள்ள கடற்படை அலுவலகம் வைத்திருக்கிறது. படை எண்ணோடு எழுதிக் கேட்பவர்களுக்கே அங்கே வேலை எளிதாக நடக்கும்.

1946இல் பணியிலிருந்து நீக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் இந்த வழி பல சமயம் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோசமான சாப்பாடும் அதிகாரிகளின் இழிசொல்லும் உடனடிக் காரணங்கள். அடியில் விடுதலை வேட்கை இருந்தது. சில நாட்களுக்குள் சுமார் 20,000 பேரும் 78 கப்பல்களும் அதில் சேர்ந்துவிட்டன. சென்னையில் அடையாறு என்ற கடற்படைத் தளமும், விசாகப்பட்டினமும் கொச்சியும் விலகி நிற்கவில்லை. எழுச்சி அடங்கியபின் பலர் ஓய்வூதியமோ நற்சான்றோ இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்டனர். போர் முழுக்க உழைத்துவிட்டு, கையில் ஒரு தாளும் இல்லாமல் திரும்பியவரைப் பற்றி ஊரில் பல விதமாகப் பேசியிருப்பார்கள். பிற்காலத்தில் மத்திய அரசின் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் இந்த எழுச்சியும் விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. வீட்டில் ஒருவர் ‘நேவியிலிருந்து துரத்திவிட்டார்கள்’ என்ற பேச்சோடு வாழ்ந்து மறைந்திருந்தால், அது எந்த ஆண்டு என்று விசாரிப்பது அவருக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை.

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம், செங்குன்றம் வழியாகச் சென்னைக்குள் நுழைந்தால் பயணத்தின் முதல் நிறுத்தம் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இங்கே குண்டு வீசியதை அது குறிக்கிறது. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த அந்தக் கப்பல் சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. துறைமுகத்தில் சிலர் உயிரிழந்தனர். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை வீழ்த்தியது. கடல்வழிப் போர் என்றால் என்ன என்பதைச் சென்னைக்காரர்கள் தங்கள் வீட்டு மாடியிலிருந்து கண்ட இரவு அது. ஒரு தலைமுறை கழித்து, 1942 ஏப்ரலில், ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்தபோது நகரத்தார் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

அங்கிருந்து சற்றுத் தெற்கே, கோட்டைக்கும் மெரினாவுக்கும் இடையில் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. முதல் உலகப் போரின் வெற்றிக்காக எழுப்பப்பட்டது. பின்னர் நடந்த போர்களில் இறந்தவர்களுக்கான கற்களும் சேர்ந்தன. கடற்படை நாளான டிசம்பர் 4 அன்று இங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். நினைவுச் சின்னத்துக்கு முன்னால் கடல் திறந்து கிடப்பதால், கப்பலில் இறந்தவரை நினைக்கச் சென்னையில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வாகன இரைச்சல் குறைந்திருக்கும் காலை நேரத்தில் போவது நல்லது.

நந்தம்பாக்கத்தில், பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம் வேறு தன்மையது. 1952இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவெங்கும் சிறு சிறு கல்லறைகளில் சிதறிக்கிடந்த இரண்டாம் உலகப் போர்க்காலப் புதைகுழிகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். 850க்கும் மேற்பட்டோர் இங்கே இருக்கின்றனர். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தனிச் சுவரில் உள்ளன. புல்லும் பூச்செடியும் வெண்கற்களும் ஒரே சீராகப் பராமரிக்கப்படுகின்றன. எனினும் இந்தியக் கடற்படைக் குடும்பத்தார் இங்கே வந்து வரிசை வரிசையாகத் தேடி ஏமாந்து திரும்புவதுண்டு. மருத்துவமனையிலோ கரைத் தளத்திலோ இறந்து புதைக்கப்பட்டவர்களுக்குத்தான் இங்கே இடம். எரியூட்டப்பட்டவர்களுக்கும் கடலோடு போனவர்களுக்கும் இந்தத் தோட்டத்தில் கல் கிடையாது.

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புத்தகம். இரண்டாம் உலகப் போரில் கடலில் மறைந்த ராயல் இந்தியன் நேவி மாலுமிகள் சுமார் 400 பேர், இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர் ஆகியோரின் பெயர்களை ஒரே மாதிரியான இரண்டு ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று மும்பை மாலுமிகள் இல்லத்தில். மற்றது வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்தில். கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளியவர்களும் சமையல்காரர்களும் இந்த ஏட்டில் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலிலும் இதே பெயர்களைத் தேடலாம்; பல பதிவுகளில் அப்பா பெயரும் சொந்த ஊரும் இருக்கின்றன. மும்பை வரை போக முடியாத வயதானவர்களுக்கு இந்தப் பட்டியலை ஊரில் உள்ள இளையவர்கள் தேடிக் காட்டலாம். ஒரு பெயர் திரையில் தெரிவது சிறிய விஷயம்தான். ஆனால் எண்பது ஆண்டுகளாக ‘கப்பலில் போனான், திரும்பவில்லை’ என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத வீட்டில் அது பெரிய செய்தி.

சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு ரயிலில் சுமார் 780 கி.மீ. விரைவு வண்டிகள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியில் நிற்பதில்லை. சென்ட்ரலில் ஏறுவதே வசதி. வண்டி பொன்னேரியைத் தாண்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளைக் கடந்து, ஆந்திரத்துக்குள் போகிறது. கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சமும், அவர்களுடைய செதுக்கு வேலை மிகுந்த கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் வந்து இறந்த அயல்நாட்டாரின் பெயர் அங்கே கருங்கல்லில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதே கரையிலிருந்து போய் 1942இல் இறந்தவருக்கு ஓர் ஏட்டு வரிதான் என்பது மனத்தை உறுத்துகிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கடற்படைக்கான எஃப்.டி.என்.-2 என்ற மிதக்கும் பழுதுபார்ப்புத் தளம் 2017இல் இங்கிருந்துதான் வெள்ளோட்டம் விடப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்தாருக்குக் கடற்படை இப்போது அவ்வளவு தொலைவில் இல்லை.

விசாகப்பட்டினம் இந்தப் பயணத்தின் முதன்மையான ஊர். மலைமுகடு ஒன்று டால்பின் மூக்கு போலக் கடலுக்குள் நீண்டு, உட்புறத் துறைமுகத்தை மறைத்துக் காக்கிறது. அந்த இயற்கை அமைப்பினாலேயே கப்பற்படைக்கு இந்த ஊர் பிடித்தது. துறைமுகம் 1933இல் திறக்கப்பட்டது. 1939 டிசம்பரில் சர்கார்ஸ் என்ற கடற்படைத் தளம் இங்கே வந்தது. அதன் பெயர் இன்னும் அதுவே. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரின் மீதும் காக்கிநாடாவின் மீதும் குண்டு வீசின. அதே நாளில் பர்மாவின் அக்யாப் அருகே இந்திய ஸ்லூப் கப்பல் இண்டஸ் வான்தாக்குதலில் மூழ்கியது. பர்மா ஸ்டார் பெற்ற உறவினர் ஒருவர் இருந்தால், அவர் அந்த நாட்களில் பார்த்த கடல் இதுதான்.

கடலில் நேருக்கு நேர் நின்ற சண்டைகளில் இந்தியக் கப்பல் ஒன்றின் பெயர் தனித்து நிற்கிறது. 1942 நவம்பர் 11 அன்று, கோகோஸ் தீவுகளுக்கு அப்பால், பெங்கால் என்ற சிறிய கண்ணிவாரிக் கப்பல் ஒரே ஒரு 12 பவுண்டர் பீரங்கியோடு, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் குறுக்கிட்டன. பெங்கால் ஓடவில்லை, நேராக அவற்றை நோக்கிப் போனது. சண்டையில் ஹோகோகு மாரு என்ற ஜப்பானியக் கப்பல் தீப்பற்றி வெடித்து மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் அடிபட்டும் தப்பின. இந்தியக் கடற்படை வரலாற்றில் இது மிகத் துணிவான நாள்களில் ஒன்று. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்டனைத் தெரிந்த அளவுக்கு இதைத் தெரியாமல் இருப்பது வருந்தத்தக்கது.

1971 போரைப் பற்றி விசாகப்பட்டினத்தில் பேசாமல் இருக்க முடியாது. அப்போது கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919இல் நாகர்கோவிலில் பிறந்தவர்; இரண்டாம் உலகப் போரில், 1941இல் ஈரான் கரையில் நடந்த நடவடிக்கைக்காக வீரப் பதக்கம் பெற்றவர். இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை எப்படியாவது மூழ்கடிக்கும் நோக்கத்துடன் பாகிஸ்தான் தன் காஸி என்ற நீர்மூழ்கியை நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து அனுப்பியது. விக்ராந்தின் கொதிகலனில் விரிசல் இருந்ததால் வேகமாக ஓட முடியாது. மாட்டிக்கொண்டால் தப்புவது கடினம். கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய டெஸ்ட்ராயரை விசாகப்பட்டினத்தருகே நிறுத்தி, விக்ராந்த் அங்கேயே இருக்கிறது என்று எதிரி நம்பும்படி வானொலிச் செய்திகளைப் பெருக்கினார். டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், துறைமுக வாய்க்கு வெளியே பெரிய வெடிச்சத்தம். கரையில் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. காலையில் மீனவர்கள் மிதக்கும் சிதிலங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காஸி தன்னுள் இருந்த 93 பேருடன் மூழ்கியிருந்தது. ராஜ்புத்தின் ஆழ்வெடிகளால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. உள்ளே நிகழ்ந்த வெடிப்பு என்பது பாகிஸ்தான் தரப்பு. அந்த 93 பேரின் வீடுகளிலும் கல்லறை இல்லாத துக்கமே மிஞ்சியது.

டிசம்பர் 4 காலை விக்ராந்திலிருந்து எழுந்த சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைவு ஆவணம் கையெழுத்தானபோது எடுத்த புகழ்பெற்ற படத்தில், பின்வரிசையில் வெள்ளைச் சீருடையோடு நிற்பவர் கிருஷ்ணன். பூர்வி ஸ்டார் உள்ள குடும்பங்கள் அந்தப் படத்தை வீட்டில் மாட்டினால் அதற்கு நியாயம் உண்டு.

ஆர்.கே. கடற்கரைச் சாலையில் ‘விக்டரி அட் ஸீ’ நினைவுச் சின்னம் 1996இல் எழுப்பப்பட்டது. அதற்கு அருகே மணலில் குர்சுரா என்ற நீர்மூழ்கி நிற்கிறது. 1969 டிசம்பர் 18 அன்று படையில் சேர்ந்து, 1971 போரில் அரபிக் கடலில் ரோந்து போய், 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 91 மீட்டர் நீளம். ஆனால் உள்ளே நுழைந்தால் அந்த நீளம் கண்ணுக்குப் படாது. ஆள் உயரத்துக்கு மேல் குழாய்கள், இரு பக்கமும் வால்வுகள், நடுவே ஒருவர் மட்டும் போகக்கூடிய வழி. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டத் துவாரத்தில் குனிந்து கால் தூக்கிப் போட்டுத்தான் போக வேண்டும். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாரக்கணக்கில் இதற்குள் வாழ்ந்தார்கள். டார்பிடோக்களுக்கு நடுவே படுக்கைகள். கப்பலில் இருந்த உறவினர் ஊருக்கு வந்ததும் ஏன் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தார், ஏன் கொஞ்சத் தண்ணீரில் குளித்து முடித்தார் என்பவற்றுக்கெல்லாம் விடை இந்த உருளைக்குள் கிடைக்கும். வழிகாட்டிகளாக ஓய்வு பெற்ற கடற்படையினரே இருக்கிறார்கள். அவர்களிடம் கப்பல் பெயரையும் ஆண்டையும் சொல்லிக் கேட்பது எந்தக் கல்வெட்டையும்விடப் பயன் தரும். மூட்டுவலி உள்ளவர்கள் உள்ளே போக வேண்டாம்; வெளியிலிருந்தே பார்க்கலாம்.

சாலைக்கு மறுபுறம் நிற்கும் டி.யூ.-142 விமானம் திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு நெருக்கமானது. அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்ட ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு பறந்த எட்டு விமானங்களில் ஒன்று. 2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெற்றன. டிசம்பரில் இது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஊத்துக்கோட்டை வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்க்கவைத்த தாழ்வான, நான்கு என்ஜின் இரைச்சல் இதனுடையதுதான். இப்போது ராஜாளியில் பி-8ஐ விமானங்கள் பறக்கின்றன.

பஸ்சிமி ஸ்டார் பெற்றவர்களின் குடும்பங்களுக்கு வழி மேற்கே திரும்புகிறது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கரைக்கு அப்பால், பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர் ஏவிய டார்பிடோவால் குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும், ஆக 194 பேர் இறந்தனர். தலைமை அதிகாரி கேப்டன் மகேந்திர நாத் முல்லா, தப்பும் வாய்ப்பிருந்தும் கப்பலோடு நின்றார்; மகாவீர் சக்ரா மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் போரில் இந்தியா இழந்த ஒரே போர்க்கப்பல் இதுவே. டையூவில் கடலைப் பார்த்த மேட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது, 1999இல் திறக்கப்பட்டது. இறந்தவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன.

சென்னையிலிருந்து டையூவுக்கு நேர் ரயில் கிடையாது. குஜராத்தின் வெராவல் வரை ரயிலில் போய் அங்கிருந்து சாலை வழியாகச் செல்கிறார்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் டெல்லி போகலாம். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பின் இறந்த 25,000க்கும் மேற்பட்ட முப்படையினரின் பெயர்கள் கருங்கல் பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. குக்ரியின் மாலுமிகளும் அதில் இருக்கிறார்கள். 1947க்கு முன் இறந்தவர்களை அங்கே தேட வேண்டாம். அவர்களுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள ஏடுகள்தான்.